மேட்டுக்காட்டில் பிளாட் போடுவது பற்றி

கதிர்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு, எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். "ஒரு கையெழுத்துப் போடறதுக்கு எதுக்கும்மா கடுதாசி?" என்று நீ சிரித்தது காதில் விழுந்தது. போனில் பேசும்போது உன் பக்கம் காசு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இது நீளமாகத்தான் இருக்கும். ஆபீஸுக்கு ரயிலில் போகும்போது படித்துக்கொள். ரயிலே வராத பெரம்பலூரில் வளர்ந்தவனுக்கு அந்தச் சௌகரியமாவது கிடைத்திருக்கிறது.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். நெடுஞ்சாலையை ஒட்டிய நம் மேட்டுக்காட்டை மனை வியாபாரம் செய்யும் தனசேகரிடம் ஒப்படைக்க வேண்டும். உன் அப்பா போன பிறகு நிலம் நம் இருவர் பெயரிலும் இருப்பதால், இருவரும் சேர்ந்து அவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பிளாட் போட்டு விற்பார். ரோட்டோரத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவார். நம் பங்கு மாதாமாதம் என் கணக்குக்கு வரும். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு உன்னிடம் வந்துவிடலாம். "நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்மா. பணம் அதுபாட்டுக்கு வரும்" என்றாய். முட்டிவலியோடு நான் மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போவது உன் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இதெல்லாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த "அதுபாட்டுக்கு" என்ற சொல்லில் என் மனம் மாட்டிக்கொண்டுவிட்டது. தாவரவியல் படித்தவளுக்கு எதுவும் அதுபாட்டுக்கு வளர்வதாகத் தெரியாது. இலைக்குள்ளும் வேருக்கடியிலும் யாரோ வேலை செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். இந்தப் பணத்துக்கு அடியில் வேலை செய்வது யார் என்று பார்க்க ஆசை வந்தது. சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது, அதை விடு. இந்தத் தடவை அதைவிட ஆவல்தான் பெரிதாக இருந்தது.

அந்த ஆவலைக் கிளப்பிவிட்டதே நீதான். உன் ஆபீஸில் மூத்தவர் ஒருவர் நண்பர்களைச் சேர்த்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை முழுசாக வாங்கப் போகிறார் என்றும், அதில் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார் என்றும் சொன்னாய். நீ இருக்கும் அந்த நாட்டுச் சட்டப்படி அதில் சேர "தகுதி உள்ள முதலீட்டாளர்" ஆக இருக்க வேண்டுமாமே. தகுதி என்றதும் வாத்தியார் புத்தி, தேர்வு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "தேர்வெல்லாம் இல்லம்மா. இவ்வளவு சம்பளம், இல்லாட்டி இவ்வளவு சொத்து இருக்கணும், அவ்வளவுதான்" என்றாய். பணம் இருப்பவனுக்கு விவரமும் இருக்கும் என்று அந்தச் சட்டம் நம்புகிறதா என்று நான் கேட்டபோது, நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படி இல்லம்மா. பணம் இருக்கறவன், போனா தாங்கிக்குவான்னு நம்புது" என்றாய். கதிர், நீ சொன்னதிலேயே மிக நல்ல பதில் அது. ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காய்கறி நறுக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது எல்லாம். இதுவரை நம் வீட்டில் நிலத்தையும் கட்டடத்தையும் நம்பிப் போட்ட பணத்தையெல்லாம் அந்தக் கண்ணாடியால் திரும்பிப் பார்த்தேன்.

நீ எட்டாவது படிக்கும்போது அப்பா தேக்குமரம் வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? நிலம் கம்பெனியுடையது, மரம் நம்முடையது, தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வேலை, இருபது வருஷம் கழித்து வெட்டிப் பணமாகத் தருவார்கள். அப்பாவின் ஆபீஸில் பாதிப் பேர் வாங்கினார்கள். பச்சை ஓரம் போட்ட பத்திரத்தை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். மரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் பிடித்த பிடியில், ஒரு விடுமுறைக்கு மூன்று பேரும் புளிசாதம் கட்டிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் போனோம். இரண்டு பஸ் மாறி, கடைசியில் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால் முள்வேலிக்குள் தேக்கங்கன்றுகள் வரிசையாக நின்றன. காவல்காரர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா பத்திரத்து எண்ணைக் காட்டினார்.

"நம்பரெல்லாம் ஆபீஸ்ல சார். இங்க மரம் மட்டுந்தான் இருக்கு" என்றார் அவர்.

"அப்ப எது நம்ம மரம்?" என்று நீதான் கேட்டாய்.

"எல்லாம் உங்க மரந்தான் தம்பி. எதை வேணா தொட்டுப் பாத்துக்க."

நீ ஓடிப்போய் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அது உன் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை. அப்பா போட்டோ எடுத்தார். நான் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இந்தச் சுண்ணாம்புக் களியில் இவர்கள் சொல்லும் காலத்தில் இது வாசற்கால் பருமன்கூட ஆகாது என்றேன். "நீ டீச்சரா வந்தியா, பொண்டாட்டியா வந்தியா?" என்று அப்பா கேட்டதில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சில வருஷத்தில் கம்பெனி பூட்டிக்கொண்டு போய்விட்டது. நாம் வருத்தப்பட்டோம், பிறகு கேலி பேசினோம், பிறகு மறந்தோம். அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் இப்போது உன் பட்டமளிப்பு விழாப் படம் இருக்கிறது. ஆனால் அதே ஆபீஸில் பியூனாக இருந்தவர் மகளுக்கென்று வைத்திருந்த நகையை விற்று அதே மரத்தை வாங்கியிருந்தார். அவர் கேலி பேசி நான் கேட்டதில்லை. பத்திரம் ஒன்றுதான், ஓரத்துப் பச்சை ஒன்றுதான். நாம் தாங்கினோம், அவரால் முடியவில்லை. உன் ஊர்ச் சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று இப்போது புரிகிறது. அந்தக் கோட்டை நம் ஊரில் யாரும் போடாததால் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சும்மா இருந்து சம்பாதிக்கும் வழி நம் ஊருக்குப் புதிதும் இல்லை. நாம் குடியிருக்கும் இந்த ஒத்தி வீட்டையே எடுத்துக்கொள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தோம், வாடகை இல்லை, காலி பண்ணும்போது தொகை திரும்ப வரும். உன் நண்பர்களிடம் சொல்லிப் பார், நம்ப மாட்டார்கள். நம் பணத்தை வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று போன மாதம் சும்மா விசாரித்தேன். திருச்சியில் மகள் படிப்பதற்காக அங்கே ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்திருக்கிறாராம். அந்தத் திருச்சிக்காரர்? "அவரு தஞ்சாவூர்ல ஒத்திக்கு இருக்காருங்க" என்றார். நாம் இவர் வீட்டில், இவர் அவர் வீட்டில், அவர் இன்னொருவர் வீட்டில். ஒருவர் எழுந்து பணத்தைக் கேட்டால் மற்றவர்களும் எழ வேண்டும். எனக்குப் பயமாக இல்லை, வேடிக்கையாக இருந்தது. இந்த வரிசை எந்த ஊரில் போய் முடிகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் பஸ் ஏறினாலும் ஏறுவேன்.

அரியலூர்ப் பெரியப்பாவையும் போய்ப் பார்த்தேன். கீழப்பழுவூர்ப் பக்கம் அவர் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதென்று சிமெண்ட் ஆலைக்காரர்கள் வாங்கிக்கொண்டது உனக்குத் தெரியும். பணத்தை பேங்கில் போட்டார், வட்டி வருகிறது. இரண்டு அக்காக்களுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. தப்பான காரியம் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். மானாவாரியில் அவர் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் நான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னுதான் தெரியல" என்றார். சாயங்காலம் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு குவாரியைக் காட்டக் கூட்டிப்போனார். ஆழத்தில் பச்சையாகத் தண்ணீர் கிடந்தது. "அந்தா அந்தத் தண்ணிக்கு மேல, ஆகாசத்துல இருந்துச்சு நம்ம புளியமரம்" என்று விரலை நீட்டினார். விளிம்பில் கிடந்த கல்லில் சிப்பி ஒன்று பதிந்திருந்தது. முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. எடுத்துவந்து உன் மேஜைமேல் வைத்திருக்கிறேன். நிலத்தை விற்றுப் பணமாக்குவது பெரியப்பா தெரிந்து செய்தது. அந்த நிலம் இனி ஒரு நாளும் நிலமாகத் திரும்பாது என்பதையும் தெரிந்தே செய்தார். நாமும் அப்படித் தெரிந்து செய்கிறோமா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. ஆகவே மேட்டுக்காட்டையும் போய்ப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

தனசேகர் ஆட்களைக் கூட்டிப்போவது கோடையில்தான். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், பந்தல் இருக்கும், பிரியாணி உண்டு. நம் கரிசல் மண் சித்திரையில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அதன்மேல் கொஞ்சம் செம்மண் கிராவலைத் தூவி மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை நட்டுவிட்டால், வெளியூர்க்காரர் கண்ணுக்கு வீடு எழும்பியே விட்டது போலிருக்கும். நான் ஐப்பசி மழையில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பி, காலைத் தூக்கவே முடியவில்லை. பருத்திக்குள்ளிருந்து செல்வி தலை நிமிர்ந்து பார்த்தாள். நம் காட்டைக் குத்தகைக்குப் பயிர் செய்யும் செல்வியை உனக்குத் தெரியும். நீ லீவுக்கு வந்தபோது கூடை நிறையச் சின்ன வெங்காயம் கொண்டுவந்து கொடுத்தாளே, அவள்தான். உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள்.

"என்ன டீச்சரம்மா, மழையில? பள்ளிக்கூடம் லீவா?"

"இல்ல, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சும்மா பாக்க யாரு வருவா? விக்கறவங்க வருவாங்க, வாங்கறவங்க வருவாங்க. நீங்க எது?"

"இன்னும் முடிவு பண்ணல செல்வி."

"அப்ப மொதல்ல செருப்பக் கழட்டுங்க. இந்த மண்ணு செருப்பக் கேட்டா குடுத்துட்டுத்தான் வரணும்."

கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வரப்பில் நடந்தேன். நம் காட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளக்காட்டைத் தனசேகர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வாங்கிப் பிளாட் போட்டு, மாதத் தவணைக்கு விற்றிருக்கிறார். போனில் அவர் உன்னிடம் அதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. அங்கே மஞ்சள் கற்கள் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஆழமாக நடாத கல்லை அது அப்படியும் இப்படியும் தள்ளிவிடும்.

"பல்லு ஆடுற கெழவன் வாயி மாதிரி இல்ல?" என்றாள் செல்வி. பிறகு கையை நீட்டி, "அந்தா, ரெண்டாவது வரிசையில ரொம்பச் சாஞ்சு கெடக்குல்ல, அதான் எம் மனை" என்றாள்.

"உன் மனையா?"

"ஏன், நான் வாங்கக் கூடாதா?"

"கூடாதுன்னு யார் சொன்னா? நீ சொல்லவே இல்லையே."

"நீங்க என்ன வாங்குறீங்க, என்ன விக்கிறீங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டா செய்றீங்க?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் குத்தியது. "பொண்ணு பேருல போட்டிருக்கேன். நாளைக்கு மாப்புள வூட்ல ஒரு சொல்லு சொல்ல வந்தா, எனக்கும் ஒரு வூட்டு மனை இருக்குன்னு அவ நிமுந்து நிக்கணும்ல. தவணை தையோட முடியிது."

"பத்திரம் போட்டுக் குடுத்துட்டாங்களா?"

"ரோடு வந்ததும் பத்திரமாம்."

"ரோடு எங்கேயிருந்து வரும்?"

பதில் தெரிந்த கேள்வியை மாணவி கேட்டால் நான் பார்ப்பேனே, அப்படி என்னைப் பார்த்தாள். "நீங்க நிக்கறீங்களே, இங்கேருந்துதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளக்காட்டுக்குப் போக வேறு வழியே இல்லை. ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் ஏரிக்கரை, எதிரே நாம். அதனால்தான் தனசேகர் உனக்கு இத்தனை தடவை போன் செய்கிறார். செல்வி பருத்திச் செடியின் இலையை மடக்கிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க குடுத்தா எம் பொண்ணுக்கு மனை வரும், எனக்குக் காடு போயிரும். குடுக்காட்டி காடு இருக்கும், மனை அந்தரத்துல நிக்கும். எம் புருசன் கேக்குறாரு, டீச்சரம்மா வூட்டுக்குப் போயி குடுங்கன்னு கேப்பமா, குடுக்காதீங்கன்னு கேப்பமான்னு. ஒண்ணும் கேக்காதய்யா, அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

அவங்க பாட்டுக்கு. நீ சொன்ன அதே சொல் அவள் வாயிலிருந்தும் வந்தது. நான் என் பாட்டுக்கு இருக்கும்போது என்னைச் சுற்றி இவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது. செல்வி கொடுக்கும் குத்தகைகூட எனக்குச் சும்மா வரும் பணம்தான் என்பது அதுவரை என் தலையில் ஏறவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை தனசேகரின் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் தகரக் கொட்டகை போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே கண்ணாடிக் கதவு, ஏசி. வெளியே தவணைக்காரர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். தனசேகரே எழுந்து வந்துவிட்டார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"டீச்சர், நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க. இது தவணைக்காரங்க எடம்."

"உள்ளே இருக்கறவங்க யாரு?"

"பங்கு போட்டவங்க. நிலம் குடுத்தவங்க. வெவரம் தெரிஞ்சவங்க டீச்சர், ரிஸ்க்குனா என்னன்னு தெரிஞ்சவங்க."

"வெளிய இருக்கறவங்க?"

"அவங்களுக்கு ரிஸ்க்கே இல்லியே. ரோடு வந்ததும் பத்திரம்."

உன் ஊரில் எழுதி வைத்த சட்டமாக இருப்பது இங்கே ஒரு கண்ணாடிக் கதவாக இருக்கிறது. ஒரு வித்தியாசம்தான். அங்கே தாங்க முடியாதவனை ஆபத்துக்குள் விடாமல் தடுக்கிறார்கள். இங்கே அவனை ஆபத்துக்குள் விட்டுவிட்டு ஏசியை மட்டும் தடுக்கிறார்கள். டீ வந்தது. பவர் பத்திரத்தின் நகலைப் படித்துப் பார்த்தேன். பிரிக்க, விற்க, அடமானம் வைக்க, கட்ட, இடிக்க, எல்லாவற்றுக்கும் அவருக்கு அதிகாரம்.

"இதுல எங்களுக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் வருமானம் இருக்கே டீச்சர். தொல்லையெல்லாம் எனக்கு."

"எங்க கிணறு?"

"அத மூடிட்டு சில்ட்ரன்ஸ் பார்க் வருது. பாத்தீங்கன்னா அசந்துருவீங்க."

"ரோட்டுக்கு மட்டும் எடம் விட்டா போதாதா?"

அவர் சிரித்தார். "ரோட்ட மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? காசு உங்க மேட்டுக்காட்டுலதான் இருக்கு. பின்னாடி கெடக்கறது என்ன, பள்ளம்."

"அந்தப் பள்ளத்தைத்தானே வெளிய இருக்கறவங்களுக்கு வித்திருக்கீங்க?"

"ரோடு வந்தா அதுவும் நல்ல எடந்தான் டீச்சர்."

"நாங்க கையெழுத்துப் போடலன்னா?"

"அப்படியெல்லாம் ஏன் நெனைக்கிறீங்க?"

"அப்ப அவங்களோட ரிஸ்க்கு நான்தான்னு சொல்லுங்க" என்றேன்.

"டீச்சர்னா டீச்சர்தான்" என்று மறுபடி சிரித்தார். ஆனால் இந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றது. வெளியே வரும்போது அந்த நாற்காலிகளைப் பார்த்தேன். நம் பள்ளிக்கூட ஆயா ஒருத்தி, செந்துறையிலிருந்து வந்திருந்த தம்பதி, மடியில் குழந்தையோடு ஒரு பெண். அந்த ஆயாவைத் தவிர யாருக்கும் என்னைத் தெரியாது. இவர்கள் மனைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறேன் என்பது அவளுக்கும் தெரியாது.

நான் முடிவு செய்ததைச் சொல்கிறேன். மேட்டுக்காட்டின் பேரில் தனசேகருக்குப் பவர் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. கிழக்கு வரப்பை ஒட்டி, எதிரும் புதிருமாக இரண்டு லாரி போகிற அகலத்துக்கு ஒரு துண்டை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பத்திரம் எழுதுபவரிடம் கேட்டேன், முடியும் என்கிறார். ஊராட்சிக்குப் போய்விட்டால் அது எல்லோருக்கும் ரோடு. தனசேகர் கேட் போட முடியாது, நாளைக்கு நீயோ நானோ மனம் மாறி மறிக்கவும் முடியாது. தவணை முடித்தவர்களின் மனைகளுக்கு அவர் பத்திரம் பதியும் அதே நாளில் இதையும் பதிவோம். அதற்கு முன்னால் இல்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க பாடம் நடத்துறீங்க டீச்சர்" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஒப்புக்கொள்வார் என்றுதான் படுகிறது, வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் நாளாக நாளாகச் சத்தமாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். மிச்சக் காட்டைச் செல்வி பயிர் செய்வாள், கிணறு கிணறாகவே இருக்கும்.

இதில் நமக்கு நஷ்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரு துண்டு நிலம் போகிறது. நான்கு வழிச் சாலை வேலை நடக்கும் இந்தச் சமயத்தில் வந்த விலை மறுபடி வராமல் போகலாம். நான் உன்னிடம் வந்து சேருவதும் தள்ளிப்போகும். ஓய்வு வயது வரை பள்ளிக்குப் போகிறேன், கீழ்த்தள வகுப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதன் பிறகு வரும் பென்ஷன் ஒன்றுதான் நான் நம்பும் சும்மா வருமானம். அதுவும் கரும்பலகைக்கு முன்னால் வருஷக்கணக்காக நின்று வாங்கியது என்பது உனக்குத் தெரியும்.

உன் பணத்தைப் பற்றியும் ஒன்று. உன் ஊரில் கட்டடங்கள் வைத்திருக்கும் கம்பெனிகளின் பங்கைக் கடைச்சரக்கு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம், வேண்டாம் என்றால் மறுநாளே விற்கலாம், அதற்குத் தகுதியெல்லாம் கேட்பதில்லை என்று சொன்னாய். அதில் விலை இறங்கும், ஏறும், ஆனால் கணக்கை எல்லோருக்கும் காட்டியாக வேண்டும் என்றும் சொன்னாய். அது எனக்குப் பிடித்திருக்கிறது. போனால் தூக்கம் கெடாத அளவுக்கு வாங்கு. நாளைக்கே உன் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டி, அந்த மூத்தவர் கதவைத் திறந்து உள்ளே வா என்று கூப்பிட்டால், சந்தோஷப்படுவதற்கு முன் அந்தக் குடியிருப்புக்கு ஒரு தடவை போய் வா. மழை நாளில் போ. படிக்கட்டில் யாரையாவது நிறுத்திப் பேசு. எதிர்காலத்தில் எவ்வளவு வரும் என்று அவர்கள் போட்ட கணக்கை நம்பாதே என்று நான் சொல்லவில்லை, நம்பு. கூடவே பதின்மூன்று வயதில் கேட்ட கேள்வியையும் கேட்டு வை. எது நம்ம மரம்?

இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திர நகல் வைத்திருக்கிறேன். அதுவும் பவர்தான், சிரிக்காதே. இந்தத் தடவை என் பெயருக்கு. நீ இங்கே இல்லாததால் உன் பங்குக்கு நான் கையெழுத்திட அதிகாரம் வேண்டும். கிழக்கு வரப்போரப் பாதையை ஊராட்சிக்குக் கொடுக்க மட்டும், வேறு எதற்கும் இல்லை. அப்படித்தான் எழுதச் சொன்னேன். நீ அங்கே தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். வரி விடாமல் படி. அம்மா அனுப்பியது என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதே. தனசேகர் எழுதிய பத்திரத்தில் என்னென்ன கேள்வி கேட்க வேண்டுமோ அத்தனையையும் இதிலும் கேள்.

உன் பங்கு உன்னுடையது. முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்படியானால் காரணத்தை மட்டும் தமிழில், தெளிவாக ஒரு தாளில் எழுதி அனுப்பு. தை பிறந்ததும் செல்வி கடைசித் தவணையைக் கட்டிவிட்டு நேரே நம் வீட்டுக்குத்தான் வருவாள். அவளை உட்கார வைத்து நான் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

அம்மா